முப்பது ரூபாயும் முந்நூறு ரூபாயும்

சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்ட்டருக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊர் ஜனம் எல்லாம் கைகளாகத்தான் தெரியும். மோதிரம் போட்ட கை, சிமென்ட் ஒட்டிய கை, மருதாணி வைத்த கை. பஸ்ஸிலோ ரேஷன் கடையிலோ பணம் வாங்கிப் போடும் வேலையில் நீங்கள் இருந்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. விலை வைப்பவர் மாடியில் இருப்பார், திட்டு வாங்குவது நாம்.

தருமபுரியில் ஒரு தியேட்டரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். இயல்பிலேயே பயந்தவள். கண்டக்டர் மீதிச் சில்லறை தர மறந்தால்கூடக் கேட்காமல் காரிமங்கலத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளைத்தான் விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

கம்பிக்குள் வந்த கை

பெரிய நடிகர் படம், முதல் நாள். போர்டில் டிக்கெட் நூற்றிருபது, நாங்கள் வாங்கியது முந்நூறு. கூட்டம் தள்ளிய தள்ளலில் கவுண்ட்டர் பலகை முனகியது. திடீரென்று ஒரு கை கம்பிக்குள் நுழைந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வாட்ச்மேனைக் கூப்பிட வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை.

குனிந்து பார்த்தேன். தோளில் ஆறு வயதுப் பெண் குழந்தையோடு ஓர் ஆள். பின்னால் இருந்தவர்கள் நெருக்க, குழந்தை விழுந்துவிடாமல் இருக்கக் கிடைத்ததைப் பிடித்திருக்கிறார். மூச்சு வாங்கியபடி, முந்நூறு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைப் படித்தார். அச்சடித்திருந்தது நூற்றிருபது. என் மணிக்கட்டை மெதுவாக விட்டார்.

"பயப்படாதீங்க மேடம். உங்க பேரை மட்டும் சொல்லுங்க, மனுவுல எழுதணும்."

மனு

நான் பேரைச் சொல்லித் தொலைத்தேன். கேட்டால் சொல்லிவிடுகிற ரகம்தானே நான். இரண்டு வாரம் கழித்து, கலெக்டர் ஆபீஸ் அதிகாரியிடமிருந்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மனு கொடுத்தவர் பெயர் மாது, வத்தல்மலை அடிவாரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். 'முன்பு முப்பது ரூபாய் டிக்கெட், இன்று முந்நூறு. பத்து மடங்கு. வேறு எந்தப் பொருள் இப்படி ஏறியது?' என்று எழுதி, கீழே 'பணம் வாங்கியவர்: வசந்தா' என்று முடித்திருந்தார்.

முதலாளி மாடிக்குக் கூப்பிட்டார். என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் என்னுடையது. முதலாளி கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நீதான் பி.காம். படித்தவள், விலைவாசி ஏறிய அளவுக்கு டிக்கெட் ஏறவில்லை என்று கணக்குப் போட்டுக் கொண்டு வா என்றார்.

"ஏறியிருந்தா என்னங்க சார் பண்றது?" என்றேன்.

"அதை நான் எப்படிம்மா சொல்றது? மனுவுல இருக்கிறது உன் பேருதானே."

டீக்கடை

பணத்தைப் பணத்தோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது, வேறு ஏதாவது பொருளால் அளக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. தியேட்டர் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பாஷா பாயிடம் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டீ நாலு ரூபாய், டிக்கெட் முப்பது. ஏழரை டீ. இன்றைக்கு டீ பதினைந்து, டிக்கெட் நூற்றிருபது. எட்டு டீ.

அரை டீதான் வித்தியாசம்! பதினைந்து நாளில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் காற்று முழுசாக இறங்கியது. பாய் என் முகத்தைப் பார்த்தார். பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பழைய கண்ணாடி டம்ளர் ஒன்றைத் தேடி எடுத்து, இப்போதைய பேப்பர் கப் பக்கத்தில் வைத்தார்.

"டீயை நம்பிக் கணக்குப் போடாதம்மா. விலையும் ஏறிச்சு, டம்ளரும் சின்னதாயிடுச்சு."

சந்தை

அந்த வாரமே காரிமங்கலம் சந்தையில் நோட்டோடு அலைந்தேன். எங்கள் தெரு முனியம்மா களையெடுக்கப் போகிறவள். அப்போது அவளுக்குக் கூலி தொண்ணூறு, இப்போது முந்நூற்றைம்பது. ஒரு டிக்கெட் அப்போது மூன்றில் ஒரு பங்கு கூலி, இப்போது அதைவிடக் கொஞ்சம் கூட. சரி, சமாளிக்கலாம். ஆனால் முதல் நாள் டிக்கெட்டை வைத்துப் பார்த்தால்? முந்நூறு! அவள் ஒரு நாள் முழுக்க வெயிலில் குனிந்தாலும், கையில் ஐம்பதுதான் மிஞ்சும். அதை எழுதும்போது பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

காய்கறியையும் சேர்த்துவிடலாம் என்று தக்காளிக் கூடையோடு இருந்த அம்மாவிடம் விலை கேட்டேன். கிலோ இருபது என்றாள். நான் எழுதுவதைப் பார்த்து, நான் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேனோ என்று அவள் பயந்துவிட்டாள். அவளுக்கு என்னைப் பார்த்துப் பயம், எனக்கு அவள் கத்திவிடுவாளோ என்று பயம். நான் டிக்கெட் கொடுக்கிறவள்தான், விலைவாசி ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் சிரித்தாள்.

"எந்த வாரத்துத் தக்காளின்னு சொல்லுங்க. போன வாரம் எழுபது, அதுக்கு மொத வாரம் விலை போகாம வூட்டு வாசல்ல கொட்டினோம்."

டைப் அடித்த காகிதம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து இரண்டு வரி எழுதினேன். ஒன்று, சாதாரண நாளில் டிக்கெட் விலை, டீயோடும் கூலியோடும் ஏறக்குறைய சேர்ந்துதான் நடந்திருக்கிறது. இரண்டு, முதல் நாள் டிக்கெட் எல்லாவற்றையும் முந்தி ஓடிவிட்டது. அப்போதும் நாங்கள் முதல் நாளில் ஐம்பது வாங்கினோம், பன்னிரண்டரை டீ. இப்போது முந்நூறு, இருபது டீ. இரண்டாவது வரியை இரண்டு தடவை எழுதிப் பேனாவால் அடித்தேன், மூன்றாவது தடவையும் எழுதினேன். மறுநாள் அதற்கு ஒரு நகல் எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன்.

விசாரணைக்குக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனபோது, வராந்தாவில் வைத்து முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார். அழகாக டைப் அடித்திருந்தது. என் முதல் வரி அப்படியே இருந்தது. இரண்டாவதைக் காணோம். அடியில் என் கையெழுத்துக்கு இடம். பேனாவைத் திறந்து கொடுத்தார். கணவரின் மாத்திரைச் சீட்டு கண்ணுக்குள் வந்தது. போட்டுவிட்டேன். என் பெயர் எனக்கே தெரியாத பெயர் மாதிரி விழுந்தது.

"பொய் ஒண்ணும் எழுதலையே வசந்தா. உண்மையில பாதி எழுதியிருக்கேன், அவ்ளோதான்."

விசாரணை

அதிகாரி ஒரு பெண்மணி. எதிரே மாது, துவைத்துத் தேய்த்த சட்டையில். காகிதத்தைப் படித்துவிட்டு அந்த அம்மா நேராக என்னைக் கேட்டார்: "முதல் நாளும் நூத்தியிருபதுதான் வாங்கினீங்களா?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எனக்கோ, பொய் சொல்லிப் பிடிபட்டால் போலீஸ் வருமே என்ற பயம், வேலை போய்விடுமே என்ற பயத்தைவிடப் பெரியதாக வந்து நின்றது. தைரியம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். "இல்லைங்க மேடம், முந்நூறு" என்றேன். வாய் திறந்த பிறகு மூடத் தெரியவில்லை. "ஆனா இவரு எழுதின பத்து மடங்கும் சரியில்லைங்க. அன்னைக்குச் சாதாரண நாள் விலையையும் இன்னைக்கு முதல் நாள் விலையையும் சேத்துப் பாத்திருக்காரு. முதல் நாளுக்கு முதல் நாள் பாத்தா ஆறு மடங்கு, டீ நாலு மடங்குக்குக் கொஞ்சம் கொறைச்சல்" என்று கைப்பையிலிருந்த என் பழைய காகிதத்தையும் நீட்டிவிட்டேன்.

முதலாளி என்னை முறைத்தார். மாதுவும் முறைத்தார்.

"ஏங்க மேடம், நீங்க யாரு பக்கங்க?"

காரில்

அதிகாரி எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார். மாதுவிடம் கூடுதலாக வாங்கிய நூற்றெண்பதைத் திருப்பித் தர வேண்டும், எந்த நாளானாலும் போர்டு விலைதான். மாது பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

திரும்பும்போது காரின் பின் சீட்டில் இருந்தேன். முதலாளிதான் ஓட்டினார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது இங்கேயே இறக்கிவிட்டு நாளையிலிருந்து வராதே என்பார் என்று, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்தேன். கார் நிற்கவில்லை. தியேட்டர் வாசலுக்கு வந்து எஞ்சினை அணைத்தபின், கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பாப்கார்ன் விலையைப் பத்தி அந்தம்மா ஒண்ணும் கேக்கலை இல்ல?"

எது எதை முந்தியது என்று அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், அத்தனையையும் முந்திக்கொண்டு ஏறிய என் பிரஷரை எழுதத்தான் அவருடைய படிவத்தில் இடமில்லை.