வேனுக்குள் படுத்துப் பார்த்தவர்

எழுபதுகளில் விருத்தாசலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் ஒரு ஆம்புலன்ஸ் வேன் நடத்தினோம். அதைச் சரிபார்ப்பவர் பீங்கான் கம்பெனிச் சூளையில் வேலை செய்த ஒருவர். நெட்டை ஆள். புருவத்தில் எப்போதும் வெள்ளைத் தூசி. சரிபார்ப்பதற்கு அவருக்கு ஒரே வழிதான். ஸ்ட்ரெச்சரில் தானே படுத்து, பெல்ட்டைக் கட்டி, கதவைச் சாத்தச் சொல்வார். அசையாமல் கிடப்பார். எங்களுக்கு அது சிரிப்பாக இருக்கும்.

ஆயுத பூஜைக்கு வேனுக்குப் புதுப் பெயின்ட் அடித்து மாலை போட்டிருந்தோம். அன்றும் வந்து படுத்தார். கதவைச் சாத்திவிட்டு, பூஜை மும்முரத்தில் அவரை மறந்துபோனோம்.

பூசணிக்காய் உடைத்த பிறகு கதவை இழுத்தால் வரவில்லை. காயாத பெயின்ட் வெயிலில் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிக் கத்தினோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கடப்பாரை கொண்டுவந்து நெம்பினோம்.

திறந்தபோது வியர்வையில் நனைந்து, கண்ணை மூடிக் கிடந்தார். மூச்சு வந்துகொண்டிருந்தது.

"ஏண்ணே, ஒரு கொரல் குடுத்திருக்கலாமில்ல?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "நெனவு இல்லாம கெடக்கறவன் கொரல் குடுப்பானாப்பா?"

பிறகு எழுந்து, பெல்ட்டை என்னிடம் நீட்டினார். "நாளைக்கி நீ படு."

மறுநாள் படுத்தேன். கதவு மூடியதும் இருட்டும் பெயின்ட் நெடியும்தான். வெளியே யாரோ சிரித்தார்கள்.

இன்றைக்கும் ஆம்புலன்ஸ் ஒன்று கடந்து போனால், எனக்குச் சங்குச் சத்தம் கேட்பதில்லை. மூடிய அந்தக் கதவுக்குப் பின்னாலிருக்கும் அமைதிதான் கேட்கிறது.