'இடைவேளை' என்று முடிந்த படம்

இல்லை, அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்க நியாயமே இல்லை. எந்தத் தியேட்டரிலும் ஓடியதாக எனக்கும் தெரியவில்லை. நேற்று நம் சினிமா குரூப்பில் ஒருவர் அதன் லிங்க்கைப் போட்டு, "இதைவிட மோசமான படம் உண்டா?" என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். நானும் ஒன்று போட்டேன்.

பிறகு தகரக் கூரையில் மழை விழும் சத்தம் காதுக்குள் கேட்டது…

இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, நான் வளர்ந்த ரப்பர் தோட்டம். விடியற்காலையில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. நனைந்த பட்டையில் கத்தி வைக்க முடியாது. வேலை இல்லை என்றால் அன்றைக்குப் பேர் பதிய மாட்டார்கள், சம்பளம் இல்லை. பெரியவர்கள் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று வானத்தைத் திட்டுவார்கள்.

திட்டி முடிந்ததும் ராயப்பன் அண்ணன் வீட்டுக்குப் போவார்கள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் டிவியும் சிடி பிளேயரும் இருந்த ஒரே காம்பரா அவருடையது. அவரிடம் இருந்த படமும் ஒன்றுதான். டவுனில் சிடி வாடகைக்கு விடும் கடையை மூடியபோது சும்மா கொடுத்தது. இரண்டு டிஸ்க். மேலே மார்க்கரில் 1, 2 என்று எழுதியிருக்கும்.

ஹீரோ பஸ் கண்டக்டர். முதல் டிஸ்க் முழுக்க அவனை அடியாட்கள் துரத்துவார்கள். கடைசியில் ஹீரோயின் மல்லிகாவின் மடியில் சாவான்.

"அழாத மல்லிகா… இது கடைசி ஸ்டாப் இல்ல."

கண் மூடும். 'வணக்கம்' என்று எழுத்து வரும்.

இரண்டாவது டிஸ்க்கைப் போட்டால் டைட்டில் ஓடும். அது முடிந்ததும் அதே கண்டக்டர் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு விசில் அடிப்பான். காயம் இல்லை. சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

கடைக்காரர் எண்களை மாற்றி எழுதியிருந்தார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

"பாதியிலயே வணக்கம் சொல்றான் பாரு. மரியாத தெரிஞ்ச டைரக்டர்," என்பார் ராயப்பன் அண்ணன்.

"அந்தப் புள்ளைக்கு இவன அடையாளமே தெரியலயே?" என்று யாராவது கேட்பார்கள்.

"செத்துப் பொழைச்சு வந்தவன எப்படித் தெரியும்? மொதல்லேர்ந்துதான் பழகணும்." இது எங்கள் அம்மா.

தகரத்தில் மழை இறங்கும்போது டிவியில் ஒரு சொல்லும் கேட்காது. அதனால் வசனங்களை நாங்களே சொல்வோம். துரத்தும் அடியாள் ராயப்பன் அண்ணன். மல்லிகாவாக எங்கள் அம்மா. கீழே கடை வைத்திருந்த சோமா அக்கா சிங்களம், தமிழ் வராது, ஆனாலும் குடையோடு வந்துவிடுவார். விசில் காட்சியில் முதலில் கத்துவது அவர்தான். "ஆயெத் ஆவா!" திரும்ப வந்துட்டான்!

பிறகு காதல், பாட்டு, கல்யாணம். கடைசியில் பெரிய எழுத்தில் 'இடைவேளை'. படம் முடிந்தது என்று எழுந்து சமைக்கப் போவோம்.

புஷ்பம் அக்கா வாசற்படியில்தான் உட்காருவார். பக்கத்துக் காம்பரா. அவருடைய புருஷன் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் மண் சரிந்து போய்ச் சேர்ந்திருந்தார். அக்கா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே படம் பார்ப்பார். சாகும் காட்சியில் தலை நிமிராது. விசில் காட்சிக்குக் கத்தியைக் கீழே வைப்பார்.

"வந்துட்டான்."

தனக்குத்தானே, மெதுவாக. ஒவ்வொரு தடவையும்.

ஒரு மழை நாள் பெரியப்பா மகன் சுரேஷ் அண்ணன் வந்திருந்தார். கொழும்பில் துணிக்கடையில் வேலை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐயோ, டிஸ்க்க மாத்திப் போடுறீங்க! வணக்கம்னா படம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

எழுந்து போய் அவரே சரியாகப் போட்டார். விசில், காதல், கல்யாணம், இடைவேளை. பிறகு துரத்தல். மடி. அந்த ஸ்டாப் வசனத்தை யாரும் சொல்லவில்லை. 'வணக்கம்' வந்தது. அதற்குப் பிறகு நீலத் திரை மட்டும்.

புஷ்பம் அக்கா உரித்ததையும் உரிக்காததையும் ஒரே சட்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"ஒனக்கு வேற வேலையே இல்லயாடா?" என்றார் அம்மா.

"நான் என்ன சித்தி பண்ணேன்? படம் அப்படித்தானே…"

அவர் சொன்னது சரிதான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மழைக்கு அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த மழைக்கும் இல்லை. அம்மா என்னைக் கூப்பிட அனுப்பினார். "வேல கெடக்கு" என்று அக்கா திரும்பாமலே சொன்னார். உள்ளே அடுப்புகூடப் பற்றவைத்திருக்கவில்லை.

பிறகு ஒரு நாள், தானாக வந்து வாசலில் நின்றார்.

ராயப்பன் அண்ணன் இரண்டு கையிலும் டிஸ்க்கோடு நின்றார். எந்தக் கையை நீட்டுவது? எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. தெரிந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது?



"என்னண்ணே முழிக்கிறீங்க?" என்றார் அக்கா. "ஆள மொதல்ல கொல்லுங்க. அப்பத்தானே வருவான்."

அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. ராயப்பன் அண்ணன் அவசரத்தில் டிஸ்க்கைக் கவிழ்த்துப் போட்டு, திட்டு வாங்கி, மறுபடி போட்டார். கண்டக்டர் செத்தான். டைட்டில் ஓடியது. விசில் வந்தபோது அக்கா கத்திய கத்தலில் சோமா அக்காவே திரும்பிப் பார்த்தார்.

பின்னால் நான் கம்பஸில் படித்தபோது, திரைப்படக் கழகத்தில் முன்பின்னாகக் கதை சொல்லும் படங்கள் நிறையப் போட்டார்கள். நண்பர்கள் குழம்பினார்கள். எனக்குக் குழப்பம் வரவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

இப்போது கொழும்பில் ஒரு அறை. ஹெட்செட் மாட்டினால் நடிகர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. நல்ல படங்கள் பார்க்கிறேன். வசனத்தை நடிகருக்கு முன்னால் யாரும் சொல்லிவிடுவதில்லை.

அந்தப் படம் மோசமான படம்தான். நீங்கள் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் அதை எடுத்தவருக்கும், எண்ணை மாற்றி எழுதிய கடைக்காரருக்கும், வேலையைக் கெடுத்த அந்த மழைக்கும் நான் நன்றி சொல்லியாக வேண்டும். சுரேஷ் அண்ணனுக்கும்தான். அவர் வந்திராவிட்டால், நாங்கள் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்திருப்போம். அதன்பிறகு தெரிந்தே பார்த்தோம்.

என் எமோஜியை எடுத்துவிட்டேன்.

இவ்வளவையும் காலையில் எழுதி முடித்ததும் புஷ்பம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். கேகாலையில் மகள் வீட்டில் இருக்கிறார். "கறி அடுப்புல இருக்கு, அப்புறமா எடு புள்ள" என்றார். சரி என்று வைத்துவிட்டு, குளித்து, வேலைக்குக் கிளம்பினேன்.