மாடனுக்குச் சளி பிடித்த வெள்ளிக்கிழமை

எங்கள் பக்கத்து மலையில் காட்டுக்கோழி உண்டு, மயில் உண்டு, பன்றி உண்டு. வான்கோழி கிடையாது. ஆனாலும் நானும் ஞானமுத்துவும் ஒரு மார்கழியில் காட்டு வான்கோழி வேட்டையாடினோம் என்றால் நீங்கள் நம்பத்தான் வேண்டும். அது காட்டு வான்கோழியாகி அப்போது பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் குற்றாலத்தில் ஒரு துரையின் பங்களாப் பின்கட்டில் தவிடும் சோறும் தின்றுகொண்டு மரியாதையாக இருந்தது.

அந்தத் துரை எஸ்டேட்டை விட்டு இறங்கி வந்து குற்றாலத்திலேயே தங்கிவிட்ட மனிதர். ஞானமுத்துவின் அப்பா அவருக்குச் சமையல்காரர். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று எங்கிருந்தோ வரவழைத்த அந்தப் பறவையைத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பது ஞானமுத்துவின் பொறுப்பு. ஒருநாள் கூண்டைப் பெருக்கியவன் கதவைச் சாத்த மறந்தான். பறவை சுவரேறித் தோப்புக்குள் பறந்து போயே போய்விட்டது. துரையம்மாள் சத்தமெல்லாம் போடவில்லையாம். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வராவிட்டால் மறுநாள் சமையல்காரரும் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாளாம்.

எங்கள் வீடு குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த வருஷம் அது. அங்கே அரிசி மில்லில் வேலை பார்த்த மாமாவைப் பற்றி அதன் பிறகு தகவல் இல்லை. அவர் மனைவியான அத்தை, அப்பாவோடு பிறந்தவள், எங்களோடுதான் இருந்தாள். ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த ஒருவர், வழியில் ஏதோ ஆற்றங்கரையில் மாமாவைக் காய்ச்சலோடு விட்டு வந்ததாகச் சொன்னார். "எந்திரிக்கிற மாதிரி தெரியல" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

அது போதும் என்று மாமாவின் அண்ணன் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தை பிறக்குமுன் தம்பிக்குச் செய்ய வேண்டிய காரியங்களைச் செய்து, அத்தையின் தாலியை வாங்கிவிட வேண்டும் என்றார். "ஊரு பேசுதும்மா" என்றார். ஊர் ஒன்றும் பேசவில்லை, தம்பி பங்கு வயலையும் சேர்த்து உழ அவருடைய ஏர்தான் பேசுகிறது என்று அம்மா அடுப்படியில் சொன்னாள். அப்பா எதற்கும் தலையாட்டுகிறவர். இதற்கும் ஆட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் சிற்றாற்றங்கரையில் மாடன் பேச ஆரம்பித்தார்.

கரையில் மூங்கில் புதர்களுக்கு நடுவே எங்கள் காவல்தெய்வமான மாடனுக்குச் சுண்ணாம்பு பூசிய ஒரு மண்பீடம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வரும் கொடைத் திருவிழாவைத் தவிர அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பொழுது சாயும் நேரத்தில் மூங்கிலுக்குள்ளிருந்து "குளக் குளக் குளக்" என்று ஒரு சத்தம் கேட்பதாக மாடு மேய்க்கிறவர்கள்தான் முதலில் வந்து சொன்னார்கள். தூரத்தில் செங்கோட்டை ரயில் ஊதினால் உடனே பதில் வருகிறதாம். மாடன் வாய் கொப்பளிக்கிறார் என்றார் ஒருவர். இல்லை, சிரிக்கிறார் என்றார் இன்னொருவர். சுருட்டு வைக்காததால் இருமுகிறார் என்று பூசாரி சொன்னார். மறுநாளே அவருக்குச் சுருட்டு வந்து சேர்ந்தது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். யாருக்கும் சொல்லாமல் தனியாக ஒரு நடை ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டு வந்தாள். அடுத்த நாள் சாயங்காலம், ஊறவைத்த கம்பை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, தெருப் பெண்கள் நாலு பேரையும் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பீடத்துக்குப் போனாள். கம்பை வைத்தாள். பலமாக ஒருதடவை கைதட்டினாள். பிறகு அக்கரையில் நிற்பவனுக்கும் கேட்கும்படி, "மாடா, எங்க வீட்டுக்காரரு உசிரோட இருக்காரா?" என்றாள்.

"குளக் குளக் குளக்."

என் டவுசர் நனையாமல் நான் வீடு திரும்பியது பெரிய காரியம்.

சேதி சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனது. வில்வண்டி மறுபடி வந்தது.

"மண்ணு எங்கயாவது பேசுமாம்மா?"

"நான் சொன்னா நம்ப வேண்டாம் பெரியத்தான். வார வெள்ளிக்கிழம நீங்களே வந்து நின்னு கேளுங்க. அன்னைக்கு மாடன் பேசலன்னா நானே கழத்தி உங்க கையில தாரேன்."

அவருக்கு வயல் மேல் ஆசை இருந்தது போலவே மாடன் மேல் பயமும் இருந்தது. சரி என்று போனார்.

இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் ஞானமுத்துவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? மாடன் பேசுவதையும் செய்து காட்டினேன். அவன் முகம் மாறியது.

"ஏலே, இன்னொருக்க செய்."

செய்தேன்.

"அப்படி இல்லலே, இப்படி." நாக்கை மடக்கித் தொண்டைக்குள் ஓர் உருட்டு உருட்டினான். அச்சாக மாடன்.

"ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"ஒங்க மாடனுக்கு நாந்தாம்லே ரெண்டு மாசமாத் தவிடு வச்சேன்."

பெரியவர்களிடம் சொல்வதா என்று யோசித்தோம். சொன்னால் மாடனைக் கோழி என்றதற்கு முதலில் எங்கள் முதுகு பழுக்கும். அதற்குப் பிறகும் நம்பினார்களானால், பிடித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். ஆகவே நாங்களே வேட்டையில் இறங்கினோம்.

மலையில் காட்டுக்கோழிக்கு வைக்கிற சுருக்குக் கண்ணியை முதலில் வைத்தோம். வான்கோழி அதைச் சலங்கை மாதிரிக் காலில் மாட்டிக்கொண்டு நடந்து போய்விட்டது. காட்டுக்கோழி பிடிக்கிறவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். வளர்த்த சேவலைப் புதர் ஓரத்தில் கட்டிக் கூவவிட்டால், காட்டுச் சேவல் சண்டைக்கு வந்து சிக்கும். எங்கள் வீட்டுச் சேவலைக் கொண்டுபோய்க் கட்டினோம். வான்கோழி வந்ததென்னவோ வந்தது. வாலை விசிறி மாதிரி விரித்து, தாடியெல்லாம் ரத்தமாகச் சிவந்து அது நின்ற நிலையைப் பார்த்த எங்கள் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. இரண்டு நாள் அது கூவவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

பறவை இருக்கும் இடம் தெரியாவிட்டால் ஞானமுத்து அதைப் போல ஒரு சத்தம் கொடுப்பான். பதில் வரும், அந்தப் பக்கம் போவோம். எனக்கும் சொல்லிக் கொடுத்தான். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் நின்று பழகினேன். "நீ செய்யிறது வான்கோழிக்கு வயித்துவலி வந்தாப்புல இருக்குலே" என்பான்.

வியாழக்கிழமை. மறுநாள் கிறிஸ்துமஸ். ஞானமுத்து எங்கோ ஒரு மீன்வலை கேட்டு வாங்கி வந்தான். இருவரும் பீடத்துக்குப் பின்னால் குப்புறக் கிடந்தோம். அத்தை தனியாக வந்தாள். கம்பை வைத்தாள், கை தட்டினாள், கேட்டாள். மூங்கிலிலிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மாடன் இறங்கி வந்து கம்பைத் தின்ன ஆரம்பித்தார். ஞானமுத்து வலையை வீசினான். வலைமேல் நான் விழுந்தேன். இறக்கையால் என் கன்னத்தில் விழுந்த அடியைப் போல அப்பாகூட என்னை அடித்ததில்லை. ஞானமுத்து அதன் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு, அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை, "அப்பாவுக்கு வேல இருக்குலே, அப்பாவுக்கு வேல இருக்குலே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சாக்கில் போட்டுக் கட்டிக் குற்றாலம் சாலையில் ஏறிப் பாதித் தூரம் போனோம். வேட்டை மும்முரத்தில் அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏலே, நாளைக்கு வெள்ளிக்கிழமல்லா. மாடன் பேசணும்லே."

ஞானமுத்து நின்றான். சாக்கு அவன் முதுகில் உதைத்தது. சாக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீயும் நல்லாத்தாம்லே கத்துத" என்றான். பிறகு திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தான்.

மறுநாள் பொழுது சாயுமுன்பே மூங்கில் புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமாவின் அண்ணன் வந்தார், அப்பா வந்தார், பூசாரி வந்தார், வேடிக்கை பார்க்கப் பாதித் தெரு வந்தது. அத்தை கம்பை வைத்தாள். கைதட்டினாள். கேட்டாள்.

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மாமாவின் அண்ணன் "ம்" என்றார். அப்பா கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தையின் வலது கை கழுத்துப் பக்கம் போயிற்று. தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே புதரைப் பார்த்து, முன்னைவிட மெதுவாக, இரண்டாம் தடவை கேட்டாள்.

"குளக் குளக்… க்ஹூம்… குளக்."

முடிவில் இருமிவிட்டேன். மூங்கில் தூசி.

மாமாவின் அண்ணன்தான் பேசினார். "என்னம்மா, மாடனுக்குச் சளி பிடிச்சாப்புல இருக்கு?"

அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மார்கழிப் பனியில்லா பெரியத்தான். மேல ஒரு கூரை போட்டுக் குடுக்க ஆளு உண்டா இங்கன?"

பூசாரி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாமாவின் அண்ணன் திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கூரை தன் செலவு என்று ஒத்துக்கொண்டு வண்டியேறினார். தை மாதம் மாடனுக்கு நல்ல பனையோலைக் கூரை வந்தது. அதற்குப் பிறகு மாடன் பேசவில்லை. கூரை போட்டதும் இருமல் நின்றுவிட்டது என்று பூசாரி சொன்னார்.

ஞானமுத்துவின் அப்பாவுக்கு வேலை நிலைத்தது. அவன் எனக்கென்று வாழையிலையில் இரண்டு துண்டு கறி மடித்துக்கொண்டு வந்தான். மாடனைத் தின்பதா என்று கொஞ்சம் யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

மாமா வரவில்லை. காகிதமும் வரவில்லை. அத்தை தாலியோடு சுந்தரபாண்டியபுரத்து வரப்பில் நின்று, மாமாவின் பங்கு வயலில் நடவும் அறுப்பும் பல வருஷம் பார்த்தாள். மாடன் சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்?

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையில் அத்தை என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். மிளகும் சுக்கும் தட்டிப் போட்ட ஒரு கருப்பட்டித் துண்டை என் வாயில் வைத்தாள்.

"மெதுவாக் கடி. தொண்டைக்கு இதமா இருக்கும்."

எனக்குத் தொண்டை வலிக்கிறதென்று நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. மாடன்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அத்தை அடுப்படிக்குள் போய் மிச்சமிருந்த ஊறவைத்த கம்பைச் சட்டியோடு எடுத்து வந்து, எங்கள் கோழிகளுக்கு முன்னால் கொட்டினாள்.

"மாடனுக்கு வேண்டாமா அத்த?"

"மாடன் எங்கயாவது கம்பு திம்பாராலே?" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவ உட்கார்ந்தாள்.

அப்படியானால் இத்தனை நாளும் யாருக்கு வைத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கலாம் என்றுதான் பார்த்தேன். வாயில் கருப்பட்டி இருந்தது.