பந்தயப் பாதையில் ஒரு சொம்புத் தண்ணீர்

என் நாத்தனார் கண்ணாத்தாளைப் பற்றிப் பேச ஊரில் ஆளுக்கு ஒரு வாய் உண்டு. மில்லுக்குப் போனவள் சைக்கிள் ஏறிக் கெட்டாள் என்பார்கள். பொம்பளைக்கு எதற்கு டவுசரும் பந்தயமும் என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் எங்கள் ரோட்டில் வந்த அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியவர்கள். எனக்குத் தெரியாதா என்ன, நானும் அங்கேதானே நின்றேன்.

நான் நல்லம்மாள். அவளுடைய அண்ணன் செல்லமுத்துவுக்கு வாக்கப்பட்டு, மல்லசமுத்திரத்துக்கு மேற்கே ரோட்டை ஒட்டிய தோட்டத்தில் குடியிருப்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். இல்லாவிட்டால் இந்த மனுஷரோடு குப்பை கொட்ட முடியுமா?

அப்பனும் ஆத்தாளும் சீக்கிரம் போய்விட்ட வீடு இது. அண்ணனுக்குத் தங்கை, தங்கைக்கு அண்ணன், வேறு நாதியில்லை. அண்ணன்தான் கண்ணாத்தாளைத் திருச்செங்கோட்டில் காளியப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார். காளியப்பன் நூல் மில்லில் பிட்டர்; சாது. அவளும் அதே மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். ஷிப்டுக்கு நேரமாகிறதென்று சைக்கிளில் போக ஆரம்பித்தவள், போகப் போக, வழியில் எந்த ஆம்பளை வண்டியையும் முன்னால் விடமாட்டேன் என்று ஆகிவிட்டாள். மில் முதலாளி ஒரு நாள் காரில் வந்தவர் இதைப் பார்த்துவிட்டார். அடுத்த மாதமே வளைந்த ஹேண்டில்பார் வைத்த பந்தய சைக்கிள் வந்தது. அதற்கப்புறம் மில் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது நூலுக்கு அல்ல, மிதிப்பதற்கு.

அதில் அப்படி என்னதான் சுகம் என்று பின்னாளில் அவளிடம் கேட்டிருக்கிறேன். அவள் சொன்னது இது. முதலில் மூச்சு முட்டும், தொடை எரியும். கொஞ்ச தூரம் போனதும் எல்லாம் அடங்கிவிடும். கால் தானாகச் சுற்றும். சங்கிலிச் சத்தம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். குச்சிக்கிழங்குக் காடும் பருத்திக் காடும் இரண்டு பக்கமும் வழிந்து ஓடும். தூரத்தில் கொல்லிமலை மட்டும் நீலமாக, நகராமல், கூடவே வரும். "தூங்கறமா முழிச்சிருக்கறமான்னே தெரியாதுங்க நங்கையா. தொட்டில்ல போட்டு ரோடே ஆட்டற மாதிரி இருக்கும்" என்பாள். நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணி. நான் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அன்று ராத்திரி எனக்கும் கனவில் ரோடு ஓடும்.

ஆனால் அந்தச் சைக்கிள்தான் எங்கள் கல்யாணத்தில் மண்ணைப் போட்டது.

எங்கள் பக்கத்தில் இணைச்சீர் இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப் பிறந்தவள் நின்று செய்கிற சீர் அது. எங்கள் கல்யாணச் சடங்குகளைச் செய்து வைக்கிற அருமைக்காரர் முன்னின்று நடத்துவார். அண்ணனும் தங்கையும் சாகிற வரைக்கும் ஒருவருக்கொருவர் என்று ஊரறியச் சொல்கிற சடங்கு. சீர் சாயங்காலம் என்று குறித்திருந்தது. அன்று காலையில் பார்த்துச் சேலத்தில் ஒரு பந்தயம். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கொடி அசைக்க வேண்டிய பெரிய மனுஷர் வந்து சேரவே மத்தியானம் தாண்டிவிட்டதாம். இவள் பந்தயத்தை முடித்த கையோடு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், சேலத்திலிருந்து அதே சைக்கிளில் மிதித்து வந்தாள். அதற்குள் நேரம் போகிறதென்று பெரியப்பன் மகளை நிறுத்திச் சீரை முடித்துவிட்டார்கள்.

பெண் வீட்டாரை எதிர் வீட்டில் இறக்கியிருந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முகமெல்லாம் புழுதி. அதில் வேர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கத்தித் தொலைத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

அதோடு ஆறு வருஷம். இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பண்டிகை நோம்பிக்கு அழைப்பதில்லை, நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. அவளும் எங்கள் ரோட்டுப் பக்கமே வரவில்லை. பிறந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற பெண், கூடப் பிறந்தவன் கையால் ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். குடிக்காமல் தாண்டினால் உறவு அற்றது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் சேலம் போக வேண்டுமென்றாலும் சங்ககிரி சுற்றித்தான் போவாளாம். பாவி மகள், எத்தனை மைல் வீணாக மிதித்தாளோ!

எண்பத்து நாலாம் வருஷம் மாசியில் மில்காரர்களும் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்களும் தறிக்காரர்களும் சேர்ந்து பெண்களுக்கு மட்டும் மூன்று நாள் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். ஆளுக்கொரு அணி. எல்லாரும் கண்ணாத்தாள் மாதிரி சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள். முதல் நாள் எடப்பாடியிலிருந்து திருச்செங்கோடு. இரண்டாம் நாள் அங்கிருந்து நாமக்கல் வழியாகச் சேந்தமங்கலம். மூன்றாம் நாள் சேந்தமங்கலத்தில் கிளம்பி, ராசிபுரம், மல்லசமுத்திரம் தாண்டித் திருச்செங்கோட்டில் முடிப்பு. மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவளுக்குக் கோப்பை.

மூன்றாம் நாள் பாதை எங்கள் வாசல் வழியாக. இந்தத் தடவை சங்ககிரி சுற்றிப் போக முடியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி காளியப்பன் அண்ணன் வந்து, கிணற்றோரம் தயங்கி நின்றார்.

"ஏனம்மிணி, மச்சான் இருக்காருங்களா?"

"காட்டுக்குள்ள இருக்கறாருங்க. சொல்லுங்கண்ணா, எங்கிட்டச் சொன்னாச் சொன்ன மாதிரிதான்."

"ரெண்டு நாள் கணக்குல கண்ணாத்தா முன்னால இருக்கறா. எடப்பாடி அணிக்காரப் புள்ள சென்னியம்மா கிட்டத்துலயே ஒட்டிக்கிட்டு வருது. நாளைக்கு வழியில நின்னாக் கோப்பை போயிரும்னு எல்லாரும் சொல்லியாச்சு. இவ கேக்க மாட்டீங்கறா. பொறந்த ஊட்டு வாசல்ல நிப்பேங்கறா. தண்ணி குடுக்க அண்ணன் வருவாரான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் வீடு வந்ததும் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவினார்.

"நிக்கறவ நிக்கட்டும். நாளைக்கு நமக்குக் கரண்டு காலையில. மடை திருப்போணும்" என்றார்.

"ஏனுங்க, உங்களுக்கு நெஞ்சு இருக்கற எடத்துல என்ன கருங்கல்லா இருக்குது? அந்தப் புள்ள கோப்பைய உட்டுப்போட்டு உங்க வாசல்ல வந்து நிக்கறேங்குது. நீங்க மடை திருப்பப் போறீங்களா? நல்லா திருப்புங்க!"

"உன்ற வேலையப் பாரு புள்ளே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை. எனக்குத் தெரியும்.

மறுநாள் ரோட்டோரம் திருவிழாக் கூட்டம். இளநீரை வெட்டி வைத்திருந்தார்கள், அண்டாவில் மோர் கரைத்து வைத்திருந்தார்கள். நான் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு எங்கள் வேலிப் படலோரம் நின்றேன். இவர் விடிந்ததும் மண்வெட்டியோடு போனவர், கூப்பிட்டாலும் காதில் விழாத தூரத்தில் இருந்தார்.

வெயில் ஏறியது. தார் ரோட்டுக்கு மேலே கானல் ஆடியது. எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சுச் சத்தம் மெல்ல அடங்கிப்போனது. கானலுக்குள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது தரையைத் தொடாமல் மிதந்து வந்தது போலத்தான் எனக்கு இருந்தது. கால் இருந்ததா, சக்கரம் இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. ஜீப் மைக்கில், "முதலில் வருவது நூல் மில் அணி கண்ணாத்தாள்!" என்று சொன்ன பிறகுதான் அந்தப் புள்ளிக்கு முகம் வந்தது.

எங்கள் படலுக்கு நேராக வந்து பிரேக்கைப் பிடித்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். கூட்டம் 'ஐயோ, போ போ' என்று கத்தியது. நான் சொம்பை நீட்டினேன்.

"அண்ணன் எங்கீங்க நங்கையா?"

"வருவாரு. நீ மொதல்ல குடி அம்மிணி."

"அண்ணன் கையிலதானுங்க."

பின்னால் கானலுக்குள் ஒரு கும்பல் புள்ளிகள் முளைத்தன. எனக்குப் பதறியது. "அட கெரகமே, குடிச்சுத் தொலையேண்டி! அவரு கெடக்கறாரு, பெரிய சீமைத் துரை!" என்று திட்டிக்கொண்டே அழுதேன். அவள் படலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று வந்தது.

அப்போது பருத்திக் காட்டைக் குறுக்கே மிதித்துக்கொண்டு ஓர் ஆள் ஓடி வந்தது. பருத்திச் செடியை ஒருவர் மிதித்துவிட்டால் நாள் பூராவும் பேசுகிற மனுஷர் அவர்! கோவணத்தை இழுத்துக் கட்டியிருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பொய்யா? வந்த வேகத்தில் சொம்பை என் கையிலிருந்து பிடுங்கி அவள் வாயில் வைத்தார். அவள் மடக் மடக்கென்று குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

இவர் தலையைத் தூக்கிக் கிழக்கே பார்த்தார். கும்பல் கிட்டே வந்திருந்தது.

"கழுதை, இன்னும் என்ன நின்னுக்கிட்டு? ஏறு! மிதி!"

சொல்லிவிட்டுச் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். பத்தடி இருபதடி அல்ல, எங்கள் காட்டு எல்லை வரைக்கும் ஓடினார். ஊரே கூத்தாடியது. நானும் சொம்பை ஆட்டிக்கொண்டு குதித்தேன். பின்னால் வந்த ஜீப்பில் நீலத் தொப்பி வைத்த நடுவர் விசில் ஊதியதை யாரும் சட்டை செய்யவில்லை.

தள்ளும்போதே அது தப்பு என்று அவளுக்குத் தெரியுமாம். "கையை எடுங்கண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரலைங்க நங்கையா" என்று அப்புறம் என்னிடம் சொன்னாள்.

இவர் வேட்டியைச் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். திருச்செங்கோட்டில் மலையடிவாரத்தில் மேடை போட்டிருந்தார்கள். மூன்று நாள் கணக்கிலும் கண்ணாத்தாள்தான் முதல் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் கோப்பை மேசை மேலேயே இருந்தது. எடப்பாடி அணிக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள்.

நடுவர் நல்ல மனுஷர். அவளைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, ரோட்டில் நிற்கிற யாரோ ஒருத்தர் தானாக ஓடி வந்து தள்ளினால் அது உங்கள் குற்றமில்லை. கொஞ்சம் நேரத்தைக் கழிப்போம், அவ்வளவுதான். அப்போதும் நீங்கள்தான் முதல். உங்கள் சொந்தக்காரர் தள்ளியிருந்தால் மட்டும் பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாதுதானே?"

தெரியாது என்று சொல் என்பது மாதிரி தலையையும் ஆட்டிக் காட்டினார். அவள் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"நாந்தானுங்க தள்ளுனது. நான் ரோட்டுல போற ஆளுங்க. இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. முன்னப்பின்ன பாத்ததுகூட இல்லீங்க."

இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே புருவம். பொய் சொல்ல ஒரு முகலட்சணம் வேண்டாமா? நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, அவரே சொல்லிவிட்டார். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது" என்றார். இவர் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். காளியப்பன் அண்ணன் சாமியை வேண்டிக்கொண்டு நின்றார். நானும்தான் வேண்டினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? அந்தக் கோப்பைக்கு அவள் எத்தனை வருஷம் மிதித்திருக்கிறாள்.

கண்ணாத்தாள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் சேறுகூடக் கழுவாமல் வந்திருந்தார். மேசை மேல் மைக் திறந்தபடியே இருந்தது.

"என்ற அண்ணனுங்க" என்றாள்.

மலையடிவாரம் முழுக்கக் கேட்டது. நடுவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

"யோசிக்க என்னங்க இருக்குது? செல்லமுத்து, மல்லசமுத்திரம். என்கூடப் பொறந்தவரு. இவரு தள்ளித்தானுங்க வந்தேன்."

"அட கூறுகெட்டவளே, ஒரு பொய் சொன்னா வாயா வெந்து போயிரும்?" என்று சொல்லிவிட்டு இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் விசும்பி விசும்பி அழுதார்.

நடுவர் பேனாவை எடுத்து அவள் பெயரை அடித்தார். கோப்பை எடப்பாடிக்குப் போனது. கண்ணாத்தாள் எங்களோடு மல்லசமுத்திரம் பஸ் ஏறினாள். சைக்கிளைத் தோளில் தூக்கி பஸ்ஸுக்கு மேலே ஏற்றிக் கட்டியது அவள் அண்ணன்.