பூட்டைத் திறக்காத போன்

ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்காகத் தைத்துக்கொண்டிருந்த புது டிசைன் பனியனின் படம், சரக்கு கப்பல் ஏறும் முன்பே வெளியே போய்விட்டது. எங்கள் யூனிட் ஆள்தான் யாரோ எடுத்து அனுப்பியிருக்கிறார் என்று ஆபீசில் முடிவு கட்டினார்கள். மதியம் டீ முடிந்ததும் மேனேஜர் வந்து தையல் லைனை நிறுத்தினார். எல்லோரும் போனைத் திறந்து மேஜையில் வைக்க வேண்டும், வாட்ஸ்அப் வரைக்கும் பார்ப்போம் என்றார்.

வைத்தார்கள். ஓவர்லாக் மெஷின் ஓட்டுபவர் மனைவியோடு வாட்ஸ்அப்பில் போட்ட சண்டையை மேனேஜர் வாய்விட்டுப் படித்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும் வந்தது.

என் முறை வந்தபோது, "காட்ட முடியாது சார்" என்றேன்.

"ஏனுங்க? மடியில கனமில்லீன்னா வழியில என்னங்க பயம்?"

"அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு சார்."

டிவி விவாதத்தில் கேட்டது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து பதினோரு வருஷமாகப் பவர் டேபிள் தையல் மெஷினில் தலை குனிந்தே இருந்தவன் சட்டம் பேசுவான் என்று யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

"அப்ப கோர்ட்லயே போயித் தைச்சுக்குங்க" என்று என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்.

பேச்சென்னவோ பெரிய பேச்சுதான். அந்தப் போனில் பனியன் படம் இல்லை. தப்பாக எதுவுமே இல்லை. அம்மா இருந்தவரை தினமும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பாள். அவள் போன பிறகு கேட்க ஆளில்லாமல், வாட்ஸ்அப்பில் என் நம்பருக்கு நானே எழுதத் தொடங்கினேன். ‘சாப்டியா?’ ‘ஆச்சு.’ ‘அங்க மழையா?’ ‘தூறல்தான்.’ இப்படி இரண்டு வருஷம். இந்த உரையாடலை வெளியாள் யாரும் படிக்க முடியாது என்று மேலே எழுதியிருக்கும். படிக்க யார் வரப்போகிறார்கள் என்று அலட்சியமாக இருந்தேன். வந்துவிட்டார்கள். கனமே இல்லாத மடியைக் காட்டத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயது ஆள் தன்னையே நலம் விசாரித்துக்கொள்வதை அவர் வாய்விட்டுப் படித்திருந்தால், மறுபடி அந்த லைனில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள், படம் வேறு இடத்திலிருந்து போனது தெரிந்துவிட்டது. மேனேஜரே கூப்பிட்டு, "வந்துருங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

நான் திரும்பிப் போவதற்குள் லைனில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பக்கத்து மெஷினில் தைக்கும் பொங்கலூர்ப் பெண் மெல்லக் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, வேலையே போனாலும் போவுதுன்னு போனைக் காட்டாமக் காப்பாத்துனீங்களே, அந்தப் புள்ள குடுத்து வெச்சவங்க. எப்பங்க கூட்டிட்டு வர்றீங்க?"

சுற்றிலும் சிரித்தார்கள். கேலியில் பிரியம் இருந்தது. அப்படி யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருத்தி இருப்பதாக அவர்கள் நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

டீ நேரத்தில் தனியாகப் போய் நின்று, ‘எப்ப கூட்டிட்டு வர?’ என்று எனக்கு நானே அனுப்பினேன். பெல் அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.