கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்

பள்ளிக்கூடத்தில் நான் ஓவிய ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி நடுவர். சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எங்கே போட்டி நடந்தாலும் வெள்ளைச் சட்டையும் விசிலுமாக பஸ் ஏறிவிடுவேன். இத்தனை வருடத்தில் என்னை அடிக்க வந்தவர்கள் உண்டு, கறிச்சோறு போட்டு அனுப்பியவர்கள் உண்டு. களத்தின் நடுவில் நிறுத்தி வெட்கப்பட வைத்தவர் ஒருவர்தான். போன தை மாதம் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

முதல் முறை அது நடந்தது மோகனூர்ப் பக்கத்தில். அப்போது அவருக்கு இருபது வயதிருக்கும். கரும்பு வெட்டி முடித்த வயலைச் சமன் செய்து களம் போட்டிருந்தார்கள். அரையிறுதி ஆட்டம், கடைசி நிமிடம், அவருடைய அணி ஒரு புள்ளி முன்னால். எதிரணி ஆள் ஒருவர் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு வந்தார், கையை வீசினார், காலை நீட்டினார், யாரையும் தொடாமல் திரும்பினார். அப்படித்தான் நான் பார்த்தேன். புள்ளி இல்லை என்று கையை விரித்தேன். நம்மவரோ வலது கையைத் தூக்கிக்கொண்டு களத்தை விட்டு வெளியே நடந்தார்.

"தம்பி, எங்க போறீங்க?"

"அவுட்டுங்க சார். குதிகால்ல தொட்டுட்டாருங்க."

"நான் பாக்கலையே."

"எனக்குத் தெரிஞ்சுதுங்க சார்."

அவருடைய கேப்டன் பாய்ந்து வந்து அவர் பனியனைப் பிடித்து இழுத்தார். "அம்பயரே குடுக்காத அவுட்டை நீ எதுக்குடா எடுத்துக்கற? உள்ள வாடா!" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அம்பயர் சொல்றதுதானுங்க முடிவு? உங்க பேச்சுல நீங்க நில்லுங்க!"

நான் சொன்ன தீர்ப்புக்காக ஒரு கேப்டன் மூச்சுப் பிடித்து வாதாடியது அன்றைக்குத்தான். அதையே மாற்ற வேண்டியிருந்தது. எதிரணிக்குப் புள்ளி கொடுத்தேன். ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்தில் அவருடைய அணி தோற்றது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அம்பயருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா!"

அந்த வருடத்தில் இன்னும் மூன்று முறை அவர் இதே போலக் கையைத் தூக்கினார். மூன்று முறையும் நடுவர் நான். கடைசியில் என் மனைவி என்னைச் சேலத்துக்குக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மூன்றாவது வரியில் இல்லாத எழுத்தையெல்லாம் வாசித்தேன். என்ன வேலை என்று கேட்டார். டிராயிங் மாஸ்டர் என்றேன். பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

கண்ணாடி வந்த பிறகுதான் அவரை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எதிராளியைப் பிடித்துச் சாய்த்தால் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, முதுகு மண்ணையும் தட்டிவிடுவார். ஒரு முறை எங்களூர் ஆட்டத்தில், பாடி வந்தவரின் அரைக்கால் சட்டை நாடா அறுந்துவிட்டது. ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் நடுங்கி நின்றார். ஒரே அமுக்காக அமுக்கியிருக்கலாம். இவர் இரண்டு கைகளையும் விரித்துத் தன் ஆட்களை மறித்தார். "இருங்கப்பா, அவரு கட்டிக்கட்டும்." வந்தவர் பாட்டை நிறுத்தினால் அவுட். ஆகவே குனிந்து 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே நாடாவை முடிச்சுப் போட்டார். ஏழு பேர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதற்கு விதிப்புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு அவர் பெரிய ஆட்டங்களுக்குப் போனார். சம்பளம், விமானம், பளபளக்கும் மெத்தைத் தரை. டிவியில் அவர் வரும் நாளில் எங்கள் வீட்டில் யாருக்கும் ரிமோட் கிடையாது. ஓர் ஆட்டத்தில், அங்கிருந்த நடுவர் ஒன்றும் இல்லை என்று தலையசைக்க, இவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். கேமரா அந்த நடுவரின் முகத்தைப் பெரிதாகக் காட்டியது.

"பாவம், அங்கயும் ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு" என்றாள் மனைவி.

எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம். ஆனால் அதற்கடுத்த ஐந்தாறு ஆட்டங்களில் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மாற்று ஆட்கள் வரிசையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அமர்ந்து, உள்ளே ஆடுகிறவர்களுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நானே ரிமோட்டை மற்றவர்களிடம் கொடுத்தேன்.

முழங்கால் இரண்டு முறை அறுவை கண்ட பிறகு, போதும் என்று ஊருக்குத் திரும்பினார். அவருடைய பழைய அணிக்கும் ஆத்தூர்ப் பக்கத்து அணிக்கும் ஒரு பிரிவு உபசார ஆட்டம் ஏற்பாடானது. நடுவர் நான்தான் வேண்டும் என்று அவரே கேட்டாராம். விழாக் கமிட்டித் தலைவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி, நல்ல மனிதர். ஆட்டத்துக்கு முன்னால் என்னைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார்.

"சார், பட்டாசு ரெண்டு பெட்டி வாங்கி வெச்சிருக்கறனுங்க. அவரு செயிச்சுட்டுத்தான் போகோணும். கொஞ்சம் பாத்துப் பண்ணிப்போடுங்க."

 என் தலை தானாக ஆடியது.

மேடையில் சால்வைக்கு மேல் சால்வையாகப் போர்த்தினார்கள். ஆட்டம் தொடங்கும்போதே அவர் வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தார். ஆத்தூர் ஆட்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு ஆட ஆரம்பித்தாலும், கும்பிட்ட பிறகு விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி நிமிடத்தில் அவருடைய அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அவரே பாடிப் போனார். மூலையில் இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். விழுந்தார். கையை நீட்டினார். நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் வெற்றி.

கண்ணாடி போட்ட கண்ணால் தெளிவாகப் பார்த்தேன். தொடவில்லை. விசில் ஊதி, அவர் பக்கம் இரண்டு விரல்களைக் காட்டினேன்.

பட்டாசு வெடித்தது, மேளம் அடித்தது. புகைக்குள்ளிருந்து அவர் நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், கை எட்டலீங்க."

"எட்டுச்சு தம்பி."

"இல்லீங்க சார். நான்தானுங்க படுத்துக் கிடந்தேன்?"

"பேசாமப் போங்க தம்பி. எல்லாரும் சந்தோசமா இருக்கறாங்க. இந்த ஒருக்கா என்ற பேச்சைக் கேளுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

கடைசி வாக்கியம் நாலு பக்கத்திலிருந்தும் எதிரொலித்தது. அவருடைய வெற்றிப் பேச்சைப் பிடிப்பதற்காக வர்ணனையாளர் மைக்கை எங்கள் நடுவே நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேளம் நின்றது. ஒரு பட்டாசு மட்டும் தனியாக வெடித்து ஓய்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு ஊரே சிரித்தது. எனக்கு முகம் வைக்க இடமில்லை. இரண்டு விரல்களையும் மடக்கி, ஆத்தூர்ப் பக்கம் கையைத் திருப்பினேன்.

ஜெயித்த கேப்டன் விழிபிதுங்கி நின்றார். "அண்ணே, இப்ப நாங்க என்னாண்ணே பண்றது?"

"கப்பை வாங்குங்க" என்றார் இவர்.

அவர்கள் கப்பையும் வாங்கினார்கள், அவரையும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கமிட்டித் தலைவர் பாக்கிப் பட்டாசைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். பிறகு மனம் மாறி அதையும் வெடிக்கச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு டீக்கடையில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான்தான் பேச்சை எடுத்தேன். "தப்புப் பண்ணிட்டேன் தம்பி. உங்க மேல இருந்த பிரியத்துல."

"தெரியுமுங்க சார்."

"ஒரு தடவைகூட உங்களுக்கு மறைக்கத் தோணினதில்லையா?"

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ஆரம்பத்துல ஒருக்கா மறைச்சேனுங்க. அடுத்து பாடப் போனப்ப மூச்சு தாங்கல. பாதியிலயே பாட்டு உட்டுப்போச்சு, புடிச்சுட்டாங்க. எனக்கு ஒடம்பு ஒத்துக்கலீங்க சார். சில பேருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது பாருங்க, அந்த மாதிரி."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மறு வாரம் நடுவர் சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். மைக்கில் பேசியதை மறுக்க முடியாது, மறுக்கவும் மனமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன். முற்றத்துக் கட்டிலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். 'கை கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது' என்ற இடத்தில் நின்று, பேனா கேட்டார்.

"சாண் இல்லீங்க சார், நாலு வெரக்கடைதான். உங்க மேல இல்லாத தப்பை எதுக்குங்க எழுதறீங்க?"

அடித்துத் திருத்திக் கொடுத்தார். மூன்று மாதம் விசில் ஊதக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு சாணாக இருந்திருந்தால் ஆறு மாதம் ஆகியிருக்கும் என்று மனைவி சொல்கிறாள்.