வேம்புலி போட்ட ஏழாவது குழி

திருமழிசையில் 'லெவல் வேம்புலி' என்றால்தான் ஆளைத் தெரியும். வெறும் வேம்புலி என்றால் எந்த வேம்புலி என்று கேட்பார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாக டோசர் ஓட்டுகிறவர். பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் புதிது புதிதாக வந்த மனைப்பிரிவுகளில் பாதி அவருடைய பிளேடு பட்டு மட்டமானவை. முள்காடும் குட்டையுமாகக் கிடந்த இடத்தில் வண்டியை இறக்கினால், ரெண்டே நாளில் கேரம் போர்டு மாதிரி ஆக்கிவிட்டுத்தான் இறங்குவார். மண் வேலை காண்ட்ராக்டர் அப்பாவு, மனை பார்க்க வருகிறவர்கள் முன்னால் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துக் காட்டுவார். அது வைத்த இடத்தில் அப்படியே நிற்கும்.

"நம்ம வேம்புலி கைக்கு ரசமட்டமே வாணாம்," என்பார் அப்பாவு பெருமையாக.

அந்தக் கைக்கு, வேம்புலியின் நாற்பதாவது வயதில் ஒரு தலைகுனிவு வந்தது.

அப்பாவுக்கு ஓசூரைத் தாண்டி, பெங்களூர் போகிற வழியில் ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது. "வெளையாட்டு மைதானம் வேம்புலி. நூத்தம்பது ஏக்கர்," என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார். கிரிக்கெட்டாக இருக்கும் என்று வேம்புலி நினைத்துக்கொண்டார். நூற்றைம்பது ஏக்கரில் ஒரே நேரத்தில் எத்தனை மேட்ச் ஆடுவார்களோ, பந்து தொலைந்தால் யார் தேடுவார்களோ என்று பஸ்ஸில் யோசித்தபடியே போனார். போன கையோடு வேலையைத் தொடங்கிவிட்டார். கிழக்கு மூலையில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி ஒரு மேடு இருந்தது. அதை மூன்றே நாளில் இருந்த இடம் தெரியாமல் அடித்து நிரவினார்.

நாலாம் நாள், ஊருக்குப் போயிருந்த சைட் இன்ஜினியர் ரெனிஷ் திரும்பி வந்தார். மார்த்தாண்டத்துக்காரர். அந்த இடத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கிய? அந்த மேட்டப் பாத்துதானே பெரியவரு இந்த எடத்தையே புடிச்சாரு!"

"இன்னா சார் சொல்றீங்க? மைதானம்னா மட்டமா இருக்க வாணாமா?"

"இது கோல்ஃப் அண்ணே. மட்டமா இருந்தா ஒருத்தன் ஆட வரமாட்டான்."

பெரியவர் என்று ரெனிஷ் சொன்னது ஹெண்டர்லியை. ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் போய்க் கோப்பைகளை அள்ளிக்கொண்டு வந்த ஆட்டக்காரர். ஆடுவதை விட்டபிறகு, ஊர் ஊராகக் கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்துக் கொடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டவர். அடுத்த நாளே அவர் வந்தார். வெயிலில் சிவந்த முகம், ஓலைத் தொப்பி. வேம்புலி வண்டியை விட்டிறங்கி ஓரமாக நின்றார். எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்று பையைக்கூடக் கட்டிவைத்திருந்தார்.

பெரியவர் நேராக உள்ளே நடந்தார். மட்டமான அந்த இடத்தின் நடுவில் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். கன்னத்தை மண்ணில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, தரையோடு தரையாகப் பார்த்தார். பிறகு வேம்புலியைக் கைகாட்டி அழைத்துப் பக்கத்தில் படுக்கச் சொன்னார். வேம்புலியும் படுத்தார். எறும்பு ஒன்று மூக்கின் மேல் ஏறியது. பெரியவர் ஏதோ சொல்ல, நின்றுகொண்டிருந்த ரெனிஷ் குனிந்து தமிழில் சொன்னார்:

"இவ்வளவு சுத்தமா மட்டம் போடத் தெரிஞ்ச கைக்கு, அதக் கெடுக்கவும் தெரியும்னு சொல்லுதாரு."

"எப்டிக் கெடுக்கணுமாம்?"

"யாருமே கை வெக்காத மாதிரி. மழையும் காத்தும் மட்டும் செஞ்ச மாதிரி."

மட்டம் போடுவதைவிட அது பத்து மடங்கு சிரமம் என்று ஒரே வாரத்தில் வேம்புலிக்குத் தெரிந்துபோனது. அவர் எழுப்பிய மேடுகள் இட்லித்தட்டிலிருந்து கவிழ்த்த மாதிரி வரிசையாக நின்றன. பெரியவர் பார்த்துவிட்டு "நோ" என்றார். கலைத்துவிட்டு வேறு மாதிரி போட்டார். அதற்கும் "நோ". அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ரெனிஷ் மொழிபெயர்ப்பு செய்யத் தேவையே இருக்கவில்லை.

வழி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிறந்தது. கொட்டகையில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த வேம்புலி, எழுந்து உட்கார்ந்து தன் பஞ்சு மெத்தையைப் பார்த்தார். பழைய மெத்தை. தலை வைத்த இடம் ஒரு பள்ளம், தோள் அழுந்திய இடம் ஒன்று, இடுப்புக்கு இன்னொன்று. நடுவில் பஞ்சு ஒதுங்கி லேசாக ஒரு முதுகு. எந்த மேடு எங்கே தொடங்குகிறது, எந்தப் பள்ளம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. உள்ளங்கையால் அதை மேலும் கீழும் தடவித் தடவிப் பார்த்தார். மறுநாள் காலையில் போய், மைதானத்தின் பதினெட்டுக் குழிகளில் ஏழாவது வரப்போகிற இடத்தில் அந்த மெத்தையை மண்ணில் விரித்து, அதைப் பார்த்துப் பார்த்து மண்ணைத் தள்ளினார்.

குழியைச் சுற்றி மழமழவென்று புல் வளர்க்கிற இடத்துக்குக் 'கிரீன்' என்று பெயர். பெரியவர் அடுத்த தடவை வந்தபோது, பாக்கெட்டிலிருந்து ஒரு பந்தை எடுத்து அந்த மண் கிரீனில் காலால் தட்டிவிட்டார். அது நேராகப் போனது, தயங்கியது, இடப்பக்கம் திரும்பியது, குழி இருக்க வேண்டிய இடத்தை உரசிக்கொண்டு போய்க் கீழே இறங்கியது. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். வேம்புலியின் முதுகில் அவர் ஓங்கித் தட்டியதில் சட்டையிலிருந்து புழுதி பறந்தது.

அதன்பிறகு பெரியவர் எங்கே வேலை எடுத்தாலும், ரெனிஷிடம் "அந்த மனுஷன் வருவானா?" என்று கேட்க ஆரம்பித்தார். பூனாவுக்கு மேலே ஒரு மலையில் இரண்டாவது மைதானம். மூன்றாவது மஸ்கட்டில், கடலோரமாக. அதற்காக வேம்புலி பாஸ்போர்ட் எடுத்தார். "எங்கூட்டுக்காரு ஃபாரின்ல மண்ணு தள்றாரு," என்று அவர் மனைவி கலைவாணி தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

மண் வேலை முடிந்ததும் டோசர் லாரியில் ஏறிவிடும். ஆளும் கூடவே கிளம்பிவிட வேண்டும். புல் விதைப்பதும் அது வளர்வதும் அதற்கப்புறம் பல மாதங்கள் நடக்கிற வேலை. அதனால் வேம்புலிக்குத் தெரிந்த பெங்களூர் மைதானம் செக்கச்செவேல் என்று இருக்கும். பூனா கறுப்பு. மஸ்கட் வெளுத்த மணல். புல்லோடு ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் தகராறு செய்தது. வெளியூர் வேலையை விட்டுவிட்டு, மறுபடி அப்பாவுவின் மனைகளுக்கே மட்டம் போட வந்தார். மூன்றில் எது நன்றாக வந்தது என்று டீக்கடையில் யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வார்: "பெங்களூரு ஏழாவது குழிதான் ஃபர்ஸ்ட்டு. அப்பால பூனா. மஸ்கட்டு கடைசி. அதுலயும் பதினாலாவது குழி ரொம்ப மோசம். பல்வலியில கன்னத்தப் புடிச்சுகினு ஒத்தக் கையால லீவரத் தள்ளி முடிச்சது." கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத டீக்கடைக்காரருக்குக்கூட இந்த வரிசை மனப்பாடம்.

போன வருஷம் ரெனிஷிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அவர் இப்போது அந்தப் பெங்களூர் மைதானத்தைப் பராமரிக்கிற பொறுப்பில் இருக்கிறார். வீடியோவில் ஹெண்டர்லி. வயது எண்பத்தொன்று. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தான் வடிவமைத்ததிலேயே தனக்கு ரொம்பப் பிடித்த ஐந்து குழிகளைப் பற்றிப் பேசுகிறார். கீழே ரெனிஷ், எந்தெந்த ஊர் என்று தமிழில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். வேம்புலியும் கலைவாணியும் கட்டிலில் உட்கார்ந்து போனை நடுவில் வைத்துக் கேட்டார்கள். முதலாவது எங்கேயோ ஸ்காட்லாந்து. இரண்டாவது அமெரிக்கா. மூன்றாவது, மஸ்கட்டின் பதினாலாவது குழி. நாலாவதும் ஐந்தாவதும் வேறு தேசங்கள். அதோடு முடிந்தது.

"பெங்களூரு எங்கயா?" என்றாள் கலைவாணி.

"இல்ல."

"நல்லா கேளு, நடுவுல சொல்லிருப்பாரு."

"இல்லன்றேன்ல!" வேம்புலி போனைக் கவிழ்த்து வைத்தார். "பல்வலியில போட்டது புடிச்சுதாம். உசுரக் குடுத்துப் போட்டது ஞாபகமில்ல. அந்தாளுக்கு இன்னா தெரியும்?"

ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அப்பாவு மனையில் ஓரிடத்தில் கோலி உருண்டே விட்டது. மூன்றாம் நாள் சோறு போடும்போது கலைவாணி கேட்டாள்.

"நீ அந்த ஏழாவதக் கடைசியா எப்போ பாத்த?"

"வேல முடிஞ்ச அன்னிக்கு. புல்லு மொளைக்கறதுக்கு மின்னாடி."

"அவரு புல்லு மொளைச்சப்பறம் பாத்துகீறாரு. நீயும் போயி ஒரு தபா பாத்துட்டு வா, அப்பால கோச்சுக்கோ. நானும் வரேன். எங்கதான் மண்ணு தள்ளினன்னு எனக்கும் பாக்கணும்."

திங்கட்கிழமைகளில் மைதானத்தில் ஆட்டம் கிடையாது. அன்றைக்கு வரச் சொன்னார் ரெனிஷ். விடிந்ததும் பூந்தமல்லியில் பஸ் ஏறி, மத்தியானத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். காதோரம் நரைத்துப்போன ரெனிஷ் வாசலுக்கே வந்து, சத்தமில்லாமல் ஓடுகிற ஒரு பேட்டரி வண்டியில் ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார். கலைவாணிக்கு மைதானத்தைவிட அந்த வண்டி பிடித்துவிட்டது. "இந்த மாதிரி ஒண்ணு நம்ம பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு இருந்தா எப்டி இருக்கும்!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வேம்புலி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை. அவர் இருந்தபோது குச்சியாக நட்டிருந்த மரங்கள் எல்லாம் நிழல் விரித்து நின்றன. எது தன்னுடைய மேடு, எது பெரியவர் பிறகு மாற்றியது என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஓரிடத்தில் ரெனிஷ் வண்டியை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார்.

"இது நான் போட்டதில்ல சார்," என்றார் வேம்புலி.

"ஏழாவதுதான் அண்ணே."

வேம்புலி வண்டியிலிருந்தே குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கிரீனில் கால் வைத்தார். நாலடி நடந்ததும் நின்றார். வலது கால் லேசாக இறங்கியது. அங்கிருந்து சற்று ஏறி, மறுபடி ஒரு பெரிய இறக்கம். இப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். அடுத்தது எங்கே ஏறும் என்று கால் வைப்பதற்கு முன்பே தெரிந்தது. சுற்றி முடித்துவிட்டு நடுவில் நின்றபோது, மனைவி பார்க்காத பக்கமாகத் திரும்பிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்குதாயா?" என்று வண்டியிலிருந்தே கத்தினாள் கலைவாணி.

"அப்டியே கீது! ஒரு பிடி மண்ணுகூட நவுரல!"

திடீரென்று ஒரு மழை பிடித்துக்கொண்டது. ரெனிஷும் கலைவாணியும் வண்டிக்குள் ஒண்டிக்கொள்ள, வேம்புலி மட்டும் நனைந்துகொண்டு தண்ணீர் போகும் வழியைப் பார்த்தபடி நின்றார். ஓரிடத்திலும் தேங்கவில்லை. அவர் எந்தப் பக்கம் போகச் சொல்லியிருந்தாரோ அந்தப் பக்கம் பிரிந்து பிரிந்து போனது.

மழை விட்டதும் ரெனிஷ் ஒரு மட்டையைக் கலைவாணி கையில் கொடுத்தார். அவள் அதை வாசல் பெருக்குகிற துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு பந்தைத் தட்டினாள். பந்து மேலே ஏறி, வளைந்து, திரும்பவும் அவள் காலடிக்கே வந்தது. இன்னும் ஓங்கித் தட்டினாள். அது குழியைத் தாண்டிப்போய் வேறொரு பக்கம் இறங்கி மறைந்தது.

"இன்னாயா வேல செஞ்சு வெச்சுகீற! எப்டி அடிச்சாலும் போவாத எடத்துக்குப் போவுது!"

"அதுக்குத்தான்டி என்னக் கூட்டிகினு வந்தாங்க!"

அவள் சிரித்துச் சிரித்து, ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரெனிஷ் இதையெல்லாம் போனில் படம் பிடித்து ஹெண்டர்லிக்கு அனுப்பிவைத்தார்.

ஒரு வாரம் கழித்து, பெரியவரின் பதிலை ரெனிஷ் போனில் சொன்னார். கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ரொம்ப அழகான கிரீன், அந்த அம்மா சிரிப்பும் அழகுன்னு எழுதியிருக்காரு அண்ணே. அப்புறம்... இது யாரு டிசைன் பண்ண மைதானம்னு கேக்காரு."

கலைவாணிக்கு வந்ததே கோபம். "பாத்தியா? அவுரே போட்டதாம், அவுருக்கே தெரியலயாம்!"

வேம்புலிக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அறுவது மைதானம் போட்டவரு கலை. ஒண்ணொண்ணுத்துலயும் பதினெட்டு குழி. எல்லாத்தையும் எப்டி ஞாபகம் வெச்சுப்பாரு? எனக்கு மூணுதான, நான் வெச்சுகிறேன்."

"அதுக்காக?"

"யாரு போட்டதுன்னு தெரியாமலே அழகா கீதுன்னு சொன்னாரா இல்லியா? அதுக்கு மேல இன்னா ஓணும்?"

அன்றே, புல்லோடு இருக்கிற மஸ்கட் பதினாலாவது குழியின் படத்தை ரெனிஷிடம் கேட்டு வாங்கினார். பின்னால் நீலமாகக் கடல், நடுவில் பச்சையாக அவர் அவசரத்தில் தள்ளிய மண். வெகுநேரம் பார்த்தார். மறுநாள் டீக்கடையில், ரெண்டாவது இடம் மஸ்கட்டுக்கு, பூனா மூணாவது என்று அறிவித்தார். இத்தனை வருஷமாக வேறு மாதிரி மனப்பாடம் செய்திருந்த டீக்கடைக்காரர் அதை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ரெனிஷ் மறுபடி கூப்பிட்டார். மர வேர்கள் புகுந்து மூன்றாவது, பதினோராவது கிரீன்கள் புடைத்துக்கொண்டுவிட்டன. புதிதாகப் போட வேண்டும். சின்ன வண்டிதான், முழங்காலுக்குத் தொந்தரவு இருக்காது. அப்பாவு, எத்தனை நாளில் திரும்பி வருவாய் என்று கேட்டார்.

"மண்ணு வேல இருவது நாளுதான் அண்ணாத்தே," என்றார் வேம்புலி. "ஆனா புல்லு மொளைச்சு, மொத பந்து உருள்றதப் பாத்துட்டுத்தான் வருவேன்."

கலைவாணி அதற்குள் ரெண்டு பேருக்குமாகப் பெட்டி கட்டிவிட்டாள்.